கருத்தடை செய்த பூனையின் காதில் பச்சைக் குறி வேண்டுமா?

சிட்னியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து வந்த கேள்வி இது. அவர்களுடைய மூன்றரை மாதப் பெண் பூனைக்குட்டிக்கு அடுத்த வாரம் கருத்தடை அறுவை சிகிச்சை. மருத்துவமனை கொடுத்த ஒப்புதல் படிவத்தில், கருத்தடை ஆனதன் அடையாளமாகக் காதில் பச்சை குத்தச் சம்மதமா என்று ஒரு வரி இருக்கிறது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். குட்டிக்கு மைக்ரோசிப் ஏற்கெனவே போட்டாயிற்று, பிறகு இது எதற்கு என்பது கணவரின் சந்தேகம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், வாயில்லா ஜீவனை வயிற்றைக் கிழிப்பது போதாதென்று காதையும் குத்துவார்களா என்று மருமகளைக் கடிந்துகொண்டாராம். வீட்டில் மூத்த பெண் பூனை ஒன்றும் இருக்கிறது. வேறு ஊரில் இருந்தபோது அதற்குக் கருத்தடை செய்தார்கள். காதில் குறி எதுவும் இல்லை. அதற்கும் இப்போது குத்த வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள். குட்டி பெண் என்பதால்தான் இவ்வளவு தயக்கமின்றிச் சொல்கிறேன். ஆண் குட்டியாக இருந்தால் உங்கள் விருப்பம் என்று விட்டிருப்பேன். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைப் படிவத்தில் ஒரே வரியில் கேட்டுவிடுகிறார்கள், யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

முதலில் சிப். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் செலுத்தப்படும் அந்த அரிசி அளவுக் குப்பிக்குள் இருப்பது 15 இலக்க எண் ஒன்றுதான். உங்கள் பெயரோ, தொலைபேசி எண்ணோ, கருத்தடை ஆன செய்தியோ அதற்குள் இல்லை. சிப்பைப் படிக்கும் கருவியை மேலே நகர்த்தினால் எண் திரையில் தெரியும். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால்தான் மற்றவை கிடைக்கும். நியூ சவுத் வேல்ஸுக்கு அரசின் பதிவேடு தனியாக இருக்கிறது. மற்ற மாநிலங்களில் தனியார் பதிவேடுகள் பல உண்டு. குடும்பம் மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு மாறும், பதிவு அங்கேயே நின்றுவிடும். தொலைபேசி எண் மாறும், பதிவேட்டில் பழைய எண்ணே இருக்கும். குட்டியை விற்றவர் உரிமையாளர் மாற்றத்தை முடிக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. கருத்தடை செய்த மருத்துவமனை அந்தத் தகவலை ஏற்றாமல் விட்டால், சிப் சரியாக வேலை செய்தும் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது. சிப் இடம் நகர்ந்து தோள்பக்கமாக இறங்கிவிடுவதும், அபூர்வமாகப் பழுதாவதும் நடக்கிறது.

சிப் யாருடைய பூனை என்று சொல்கிறது. காதில் உள்ள குறி, இந்த உடலில் என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது செய்தி உங்களுக்குத் தேவையே இல்லை, உங்களுக்கு அது தெரியும். உங்களை அறியாத ஒருவர், உங்கள் பூனையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் நாளுக்காகத்தான் அந்தக் குறி.

அந்த நாள் எப்படி வரும் என்று பாருங்கள். கதவு திறந்திருந்தது, பூனை போய்விட்டது. சில மாதம் கழித்து, மெலிந்து உண்ணி பிடித்த நிலையில், யாரோ அதைப் பிடித்துக் காப்பகத்தில் ஒப்படைக்கிறார்கள். சிப் படிக்கவில்லை, அல்லது படித்தும் உரிமையாளரை எட்ட முடியவில்லை. நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, அடையாளம் இல்லாத விலங்கை 7 நாள் வைத்திருந்தால் போதும். அடையாளம் உள்ளதென்றால் உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பிய பிறகு 14 நாள். அதன் பிறகு புது வீடு தேடலாம். புது வீட்டுக்குப் போகும் முன் கருத்தடை ஆகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான காப்பகங்களின் விதி. இப்போது அங்குள்ள மருத்துவர் முன் ஒரு பெண் பூனை இருக்கிறது. கருப்பை இருக்கிறதா, இல்லையா?

ஆணாக இருந்தால் வாலைத் தூக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பெண்ணுக்கு வெளியே எதுவும் தெரியாது. மயக்கம் கொடுத்து, வயிற்று மயிரை மழித்து, தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில் தழும்பு இருக்கிறதா என்று தேடுவார்கள். ஆஸ்திரேலியாவில் பூனைக்கு இடப்பக்க விலாவுக்குக் கீழே, பக்கவாட்டில் திறந்து செய்யும் பழக்கமும் இருப்பதால் அங்கும் மழித்துப் பார்க்க வேண்டும். சயாமீஸ் வகைப் பூனையில் இதற்கு ஒரு வேடிக்கையான உதவி கிடைக்கும்: அவற்றின் மயிர் நிறம் தோலின் குளிர்ச்சியைப் பொறுத்தது. மழித்த இடம் குளிர்ந்துபோவதால், திரும்ப முளைக்கும் மயிர் கறுப்பாக வரும். பக்கவாட்டில் கறுத்த சதுரம் ஒன்றைப் பார்த்தால், இங்கே எப்போதோ சவரக்கத்தி ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் அந்த மயிரும் பின்னர் உதிர்ந்து பழைய நிறத்துக்கு வந்துவிடும். உங்கள் குட்டியைப் போல இளம் வயதில் அறுவை நடந்தால், கீறலே விரல்நக அகலம்தான். ஓராண்டு கழிந்தால் அந்தத் தழும்பை நல்ல வெளிச்சத்தில் தடவிப் பார்த்தாலும் கண்டுபிடிப்பது கடினம்.

இரத்தப் பரிசோதனை இருக்கிறது. சினைப்பை சுரக்கும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோன் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம். சினைப்பைகளை எடுத்துவிட்டால் எல்.எச். என்ற மற்றொரு ஹார்மோன் எப்போதும் உயர்ந்தே நிற்கும், அதையும் சோதிக்கலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். கூண்டு நிரம்பி வழியும் காப்பகத்தில் இரண்டுமே பற்றாக்குறை. எனவே கடைசியில் என்ன நடக்கும்? வயிற்றைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே கருப்பை இருக்காது. இல்லாத ஒன்றைத் தேடுவது இருப்பதை எடுப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும் வேலை. எங்கே ஒளிந்திருக்கிறதோ என்று கீறலை நீட்டி, குடலை ஒதுக்கி, சிறுநீரகத்துக்குப் பின்னால் சினைப்பையின் வேர் வரை பார்த்துவிட்டுத்தான், இது ஏற்கெனவே நடந்த கதை என்று முடிவுக்கு வருவார்கள். தையல் போட்டு மூடுவார்கள். பூனை எந்தக் காரணமும் இல்லாமல் பெரிய அறுவை ஒன்றைத் தாங்கியிருக்கும்.

இதைத் தடுப்பதற்குக் காதின் உட்புறத்தில் சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு வட்டமும், அதன் குறுக்கே சாய்ந்த ஒரு கோடும் போதும். ஆஸ்திரேலியாவில் எந்தக் கால்நடை மருத்துவரும், செவிலியரும், காப்பக ஊழியரும் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். கருவி வேண்டாம், இணையம் வேண்டாம், ஞாயிறு இரவு என்றாலும் பரவாயில்லை. காதைத் திருப்பினால் போதும்.

இனி உங்கள் மாமியாரின் கவலை. அவர் கேட்பது நியாயமான கேள்வி, அதற்கு நேரடியான பதிலும் உண்டு. குத்துவது அறுவைக்காகக் கொடுத்த அதே முழு மயக்கத்தில்தான். அதற்கென்று தனியாக ஊசியோ மயக்கமோ கிடையாது. வயிற்றுத் தையல் முடிந்தபின், பூனை மேசையில் இருக்கும்போதே, செவிலியர் காதின் உட்புறத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வார். காதை விளக்குக்கு எதிரே பிடித்தால் இரத்தக் குழாய்கள் கொடி ஓடியதுபோலத் தெரியும். அவற்றுக்கு இடையில் வெறும் தோல் உள்ள இடத்தைத் தேர்ந்து, முள் பதித்த இடுக்கியால் ஒரு அழுத்து. முட்கள் வட்டமும் கோடுமாக அடுக்கப்பட்டிருக்கும். அதன் மேல் பச்சை மையை விரலால் தேய்த்து ஏற்றுவார்கள். சில இடங்களில் இடுக்கி இல்லாமல், மையில் தோய்த்த ஊசியால் புள்ளி புள்ளியாக வரைவதும் உண்டு. முழு வேலையும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கண் விழிக்கும்போது வயிற்றுக்காகக் கொடுத்த வலிநிவாரணியே காதுக்கும் சேர்த்து வேலை செய்யும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: காது குத்தும்போது அழும் குழந்தைக்குத் தெரியும் வலிகூட இந்தக் குட்டிக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் இரண்டு நாள், காதைச் சுற்றி மை அப்பியிருக்கும். தலையணை உறையிலும் சோபாவிலும் பச்சைக் கறை படியலாம். வெளிர் நிற விரிப்புகளை எடுத்து வைத்துவிடுங்கள். காதைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். மிஞ்சிய மை தானாக உதிரும். காது வீங்கி மெத்தென்று ஆனாலோ, தலையை விடாமல் உதறினாலோ, சீழ் வாடை வந்தாலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இது மிக அரிதாகத்தான் நடக்கும். கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பு வயிற்றுத் தையலை நக்காமல் இருப்பதற்கு, காதுக்கு அல்ல.

அசிங்கமாக இருக்குமா என்றால், காதை மடித்துப் பார்த்தால் தவிரத் தெரியாது. குட்டி வளர வளரக் காதோடு சேர்ந்து குறியும் விரிந்து சற்று மங்கும். ஆண்டுகள் போனால் மயிரும் தோலின் கருமையும் அதை இன்னும் மறைக்கும். கறுத்த காதுள்ள பூனைக்கும் நாய்க்கும் கறுப்பு மையைவிடப் பச்சை மை நன்றாகத் தெரியும். உங்கள் மருத்துவமனை எந்த நிறம் பயன்படுத்துகிறது என்று கேட்பதில் தவறில்லை.

குட்டி வெள்ளை நிறமா என்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளைக் காது என்றால் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய வெயிலில் வெள்ளைப் பூனைகளின் காது நுனியில் தோல் புற்றுநோய் வருவது இங்கே மருத்துவர்களுக்கு அன்றாடம் பழகிய காட்சி. முதலில் சிவந்து செதில் உதிரும், பிறகு ஆறாத புண்ணாகும், கடைசியில் காது மடலை வெட்டி எடுக்க வேண்டி வரும். குறி நுனிப் பக்கமாக இருந்தால் அதுவும் மடலோடு போய்விடும். எனவே வெள்ளைக் காதுக்குக் குறியைச் சற்றுக் கீழே, காதின் அடிப்பக்கமாக வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், நண்பகல் வெயிலில் அதை ஜன்னலோரத்தில் கிடத்தாமல் இருப்பது.

ஆண் விலங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் பூனைக்கு விரைகள் இல்லையென்றால், அவை எடுக்கப்பட்டன என்பதே பெரும்பாலும் உண்மை. சந்தேகம் இருந்தால் ஆண்குறியில் உள்ள சிறு முட்களைப் பார்க்கலாம். விரைகளை எடுத்த சில வாரங்களில் அவை மறைந்துவிடும். ஆனால் சில ஆண் நாய்களுக்கு ஒரு விரையோ இரண்டுமோ கீழே இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் கருத்தடை ஆன நாய் போலவே இருக்கும், உள்ளே விரை வேலை செய்துகொண்டிருக்கும். உள்ளே தங்கிய விரையில் கட்டி வரும் ஆபத்தும் அதிகம். அப்படிப்பட்ட நாயின் காதில் குறி இருந்தால் இரண்டுமே எடுக்கப்பட்டன என்று பொருள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றொன்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்ட நாய்க்குக் குறி குத்தக்கூடாது. இதை மருத்துவரிடம் வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

குறியிடம் அதற்கு மிஞ்சிய வேலையை எதிர்பார்க்கவும் கூடாது. அதைப் பார்த்து உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. சட்டத்தின் கண்ணில் அது அடையாளமும் ஆகாது; நான் மேலே சொன்ன 14 நாள் சிப்புக்குத்தான். எண்களைக் காதில் பச்சை குத்தி, அதையே அடையாளமாக வைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பந்தயக் கிரேஹவுண்ட் நாய்களின் காதில் அந்த எழுத்துகளை இன்றும் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணம் செய்யும் நாய்க்கும் பூனைக்கும் 2011 ஜூலை 3க்கு முன் குத்தி, இன்றும் தெளிவாகப் படிக்க முடிந்தால்தான் அந்த எண் பச்சை செல்லும். அதற்குப் பிறகு என்றால் சிப்தான். எண்ணைக் குத்துவதற்கும் கருத்தடைக் குறிக்கும் சம்பந்தம் இல்லை. இரண்டையும் சிலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

குறி இருந்தும் பூனை இணைசேரும் பருவத்தில் செய்வதுபோலக் கத்தி உருண்டால், சினைப்பைத் திசுவில் ஒரு துண்டு உள்ளே மிஞ்சியிருக்கலாம். அறுவை நடந்தது என்பதற்குக் குறி சாட்சி. அது முழுமையாக நடந்தது என்பதற்கு அல்ல. குறி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாமல் பரிசோதிக்க வேண்டும். கருப்பையை மட்டும் எடுத்துச் சினைப்பைகளை விட்டுவைக்கும் முறையை யாராவது தேர்ந்தெடுத்தால், அந்தப் பூனைக்கு இந்தக் குறி பொருந்துமா என்று முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் மாமியாருக்குச் சென்னைத் தெருநாய்களின் காதில் வெட்டு இருப்பது நினைவிருக்கும். அதுவும் இதே செய்தியைத்தான் சொல்கிறது. 2001இல் இந்திய அரசு கொண்டுவந்த நாய்க் கருத்தடை விதிகளில், கருத்தடை ஆன நாயின் காதை வெட்டலாம் அல்லது பச்சை குத்தலாம் என்று இரண்டுக்கும் இடம் இருந்தது. தெருவில் வெட்டுதான் நிலைத்தது. காரணம் எளிது: தெருநாயின் காதை யாரும் திருப்பிப் பார்க்க முடியாது. நாய் பிடிக்கும் வண்டியிலிருந்தே தெரிய வேண்டும். வெளியில் திரியும் பூனைகளுக்குக் காது நுனியில் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டும் வழக்கம் பல நாடுகளில் இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான். மடியில் தூங்கும் பூனைக்கு அந்த அளவு வேண்டாம். கையில் எடுத்துப் பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும். அமெரிக்கக் காப்பகங்களில் காதை விட்டுவிட்டு, வயிற்றுக் கீறலுக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சைக் கோடு போட்டுவிடுவார்கள். அங்கிருந்து வந்த பூனையின் காதில் ஒன்றும் இல்லை என்று ஏமாந்துவிட வேண்டாம், வயிற்றைப் பாருங்கள்.

விதிமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மருத்துவமனை ஆம், இல்லை என்று கேட்டிருப்பதால் முடிவு உங்களுடையது. குத்துவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைப் பதிவு மேசையில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அறுவைக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். தனியாக வாங்கினாலும் சிறிய தொகைதான். இன்னொரு விஷயம், நீங்கள் தேதியை நல்ல நேரத்தில் வாங்கியிருக்கிறீர்கள். நியூ சவுத் வேல்ஸில் நான்கு மாதம் தாண்டியும் கருத்தடை ஆகாத பூனைக்கு, 2020 ஜூலை 1 முதல், வாழ்நாள் பதிவுக் கட்டணத்துக்கு மேல் ஆண்டுதோறும் தனி அனுமதிக் கட்டணம் கட்ட வேண்டும். அறுவை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது கருத்தடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், சிப் எண் அதில் இருக்கிறதா பாருங்கள். மாநிலப் பதிவேட்டில் தகவலை ஏற்றிவிட்டீர்களா என்றும் கேளுங்கள். ஏற்றவில்லை என்றால் அந்தச் சான்றிதழை உங்கள் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலுக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். கட்டணச் சலுகை கேட்கும்போது கவுன்சிலின் மேசைக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் பூனையின் காதைத் திருப்பிப் பார்க்கப் போவதில்லை. அவருக்குக் காகிதம்தான் வேண்டும்.

மூத்த பூனைக்கு, பச்சை குத்துவதற்காக மட்டும் மயக்கம் கொடுக்காதீர்கள். எந்த மயக்கத்திலும் சிறிதளவு ஆபத்து உண்டு, இந்தக் குறிக்காக அதை ஏற்க வேண்டியதில்லை. வயதாகும் பூனைகளுக்குப் பல் சுத்தம் செய்யவோ கெட்ட பல்லைப் பிடுங்கவோ எப்படியும் ஒருநாள் மயக்கம் கொடுக்க வேண்டி வரும். அன்றைக்குப் படிவத்தில், காதிலும் குறி வேண்டும் என்று கையால் ஒரு வரி எழுதிவிடுங்கள். மருத்துவர் ஆதாரம் கேட்பார், கேட்கவும் வேண்டும். வெறும் வாய்வார்த்தையை நம்பி அந்த வட்டத்தைப் போட்டால், குறியின் மதிப்பே போய்விடும். அதனால் கருத்தடை செய்த பழைய மருத்துவமனைக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்பி, சான்றிதழின் நகல் கேளுங்கள். மருத்துவமனைகள் கைமாறும், மூடும். பழைய பதிவுகள் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.